பால்கனிக்கும் உண்டு ஒரு பட்டம்!

பெட்டூனியாவை ஆசையாக வாங்கி வந்து ஒரே மாதத்தில் பறிகொடுத்தவர்கள் ஏராளம். சரியான மாதத்தில் தொடங்கி, வெயிலையும் தண்ணீரையும் கவனித்தால், மார்கழி முதல் மாசி வரை அடுக்குமாடி வீட்டுப் பால்கனியும் பூத்துக் குலுங்கும்.

மார்கழி பிறந்துவிட்டால் சென்னை, திருச்சி, மதுரை என்று எந்த ஊர் நர்சரிக்குப் போனாலும் வாசலிலேயே பெட்டூனியா வரிசை கட்டி நிற்கும். ஊதா, வெள்ளை, ரோஸ், சிவப்பு, ஊதாவில் வெள்ளை நட்சத்திரம் போட்டது என்று கண்ணைப் பறிக்கும் நிறங்கள். இலையே தெரியாத அளவுக்குப் பூ. பார்த்தவர்கள் வெறுங்கையோடு திரும்புவது அபூர்வம்.

வாங்கி வந்த முதல் இரண்டு வாரம் வீடே கொண்டாடும். பிறகு கிளைகள் நீண்டு தொங்கும், அடி இலைகள் பழுக்கும், நுனியில் மட்டும் ஒன்றிரண்டு பூக்கள் மிஞ்சும். மாசிக் கடைசியில் வாங்கியவர்களுக்கு அந்த இரண்டு வாரக் கொண்டாட்டமும் முழுதாகக் கிடைப்பதில்லை. ‘எனக்குச் செடி வளர்க்கிற கைராசி இல்லை’ என்று சொல்லி, காலித் தொட்டியை ஒரு மூலையில் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆடிப்பட்டம், புரட்டாசிப் பட்டம், தைப்பட்டம் என்று எந்தப் பயிரை எப்போது விதைக்க வேண்டும் என்பதில் நம் உழவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். பருவம் தப்பி விதைத்துவிட்டு, விளையவில்லையே என்று யாரும் தன்னை நொந்துகொள்வதில்லை. அதே கணக்கு பால்கனித் தொட்டிக்கும் பொருந்தும். பெட்டூனியாவுக்கும் ஒரு பட்டம் இருக்கிறது. அது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று தெரிந்துகொண்டால், பாதி வேலை முடிந்தது.

ஒரே மாநிலம், இரண்டு காலண்டர்

பெட்டூனியா விரும்புவது பகலில் 18 முதல் 27 டிகிரி செல்சியஸ் வெப்பம். இரவில் 13 முதல் 18 டிகிரி. சென்னையில் ஜனவரி மாதத்திலேயே பகல் வெப்பம் சராசரியாக 29 டிகிரியைத் தொடும்; இரவில் 20, 21 டிகிரிக்குக் கீழே இறங்குவது குறைவு. அதாவது, ஆண்டிலேயே குளிரான மாதத்தில்கூட நம் சமவெளி நகரங்கள் இந்தச் செடியின் பொறுமையின் எல்லையில்தான் இருக்கின்றன. மே மாதம் வெப்பம் 37, 38 டிகிரியைத் தாண்டும்போது அது தாக்குப்பிடிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஊட்டியில் கதை நேர்மாறானது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள அந்த ஊரில் மார்கழியிலும் தையிலும் உறைபனி விழும். அங்கே வருடத் தொடக்கத்தில் நாற்றுவிட்டு, கோடையில் பூக்க வைக்கிறார்கள். 1848-இல் வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் பொறுப்பில் உருவாகத் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில் மே மாதம் நடக்கும் மலர்க் கண்காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பருவத்தில் மலையில் பூச்செடிகள் எப்படிச் செழித்து நிற்கும் என்று. பார்த்த மயக்கத்தில் நாலு பெட்டூனியா நாற்றுகளை வாங்கிக் காரில் வைத்துக் கீழே கொண்டு வருபவர்கள் நிறைய. மலையில் அதற்குப் பருவம் தொடங்கும்போது சமவெளியில் முடிந்துபோயிருக்கும். அக்னி நட்சத்திரத்தில் சென்னைக்கு வந்து சேரும் அந்த நாற்று என்ன செய்யும்?

ஓசூர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். சுமார் 900 மீட்டர் உயரமும் பெங்களூருவை ஒத்த காற்றும் இருப்பதால், கொட்டும் மழை நாட்களைத் தவிர்த்துவிட்டால் ஆண்டின் பெரும்பகுதி அங்கே பெட்டூனியா வளரும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தொட்டுச் செல்லும் கோவையில் சென்னையைவிடப் பருவம் சற்று நீளம். சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்களில்தான் கணக்கு இறுக்கமானது. ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக்குரியவை. பங்குனி பிறந்தால் வெயில் ஏறிவிடும். இடையில் கிடைப்பது மூன்று, மூன்றரை மாதம். அந்த இடைவெளியில் முழுதாகப் பூக்க வேண்டுமென்றால், மழைக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும்.

எந்த ஊர்க்காரி?

பெட்டூனியாவின் தாயகம் தென் அமெரிக்கா. பிரேசிலின் தென்பகுதி, உருகுவே, அர்ஜென்டினா நாடுகளின் புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் காட்டுச் செடியாக வளர்கிறது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியவை சேர்ந்த குடும்பம்தான் இதற்கும். இந்த உறவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பூச்சி, நோய் பற்றிப் பேசும்போது உதவும்.

நாம் வாங்கும் செடி காட்டுச் செடி அல்ல, கலப்பினம். வெள்ளைப் பூ பூக்கும் ஓர் இனம். ஊதாப் பூ பூக்கும் இன்னோர் இனம். வெள்ளை இனத்தை வைத்து 1803-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் ஜூசியூ இந்தப் பேரினத்துக்குப் பெயர் சூட்டினார். ஊதா இனத்தை, தாவரச் சேகரிப்பாளர் ஜேம்ஸ் ட்வீடி 1831-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ தாவரவியல் பூங்காவுக்கு அனுப்பினார். அந்த 1830-களிலேயே இங்கிலாந்துத் தோட்டங்களில் இரண்டையும் கலந்து புதுச் செடி உருவானது. இன்று உலகம் முழுவதும் தொட்டிகளில் பூப்பவை அந்தக் கலப்பின் வாரிசுகளே.

இரு பெற்றோரின் குணமும் இன்றைய செடிகளில் தெரிகிறது. வெள்ளைப் பூவுக்கு இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகள் விருந்தாளிகள். ஆகவே அது அந்தி சாய்ந்த பிறகுதான் மணத்தை வெளியிடும். ஊதாப் பூ பகலில் வரும் தேனீக்களை நம்பியது. வெள்ளை பெட்டூனியாவும், அடர் ஊதா ரகங்களில் சிலவும் மாலை ஏழு மணிக்கு மேல் மெல்ல மணப்பது இதனால்தான். பால்கனியில் நாற்காலி போட்டு உட்காரும் வழக்கம் இருந்தால், அந்தத் தொட்டிகளை நாற்காலிப் பக்கமாக வையுங்கள்.

எந்த ரகத்தை வாங்குவது என்பதிலும் பட்டத்தின் கணக்கு இருக்கிறது. நர்சரியில் முதலில் கண்ணில் படுவது கிராண்டிஃப்ளோரா: உள்ளங்கை அகலப் பூ. அழகுதான், ஆனால் ஒரு மழைக்கே இதழ்கள் நனைந்து, ஒட்டிக்கொண்டு, அழுகத் தொடங்கும். மல்டிஃப்ளோரா ரகத்தின் பூ சிறியது, சுமார் இரண்டு அங்குலம்தான். எண்ணிக்கையில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் சீக்கிரம் மீண்டுவிடும். தொங்கும் தொட்டிக்கு, படர்ந்து வழியும் ரகங்கள் ஏற்றவை. இவற்றில் உலகப் புகழ் பெற்ற இரண்டும் பான நிறுவனங்களிலிருந்து வந்தவை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் 1989-இல் ‘சர்ஃபினியா’வை வெளியிட்டது. ‘பர்ப்பிள் வேவ்’ என்ற ரகம், பீர் தயாரிக்கும் கிரின் நிறுவனத்தின் ஆய்வில் பிறந்து, 1995-இல் அமெரிக்காவின் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருதைப் பெற்றது.

இன்னொரு காரணமும் சிறுபூ ரகங்களுக்குச் சாதகமானது. பெட்டூனியா நீண்ட பகலில் வேகமாகப் பூக்கும் செடி. டிசம்பர் கடைசியில் சென்னையில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம்தான். பெரிய பூ ரகங்களில் பல, இந்தக் குறுகிய பகலில் மொட்டுவிடத் தயங்கும். மல்டிஃப்ளோரா ரகங்கள் அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை.

ஒரு சிறு எச்சரிக்கை: ‘மெக்சிகன் பெட்டூனியா’ என்று விற்கப்படும் ஊதாப் பூச்செடிக்கும் பெட்டூனியாவுக்கும் உறவே கிடையாது. காயைத் தண்ணீரில் போட்டால் பட்டென்று வெடிக்குமே, சிறுவயதில் விளையாடிய பட்டாசுக்காய்ச் செடி, அதன் நெருங்கிய சொந்தம் அது. எந்த வெயிலையும் தாங்கும்; ஆனால் நீங்கள் தேடி வந்தது அது அல்ல.

உங்கள் பால்கனி எந்தத் திசை?

பெட்டூனியாவுக்குத் தினமும் ஐந்து முதல் ஆறு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். வெளிச்சம் குறைந்தால் செடி சாகாது. நீண்டு வளர்ந்து இலையோடு நின்றுவிடும். எனவே தொட்டி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, வெயிலை அளப்பது. ஒரு விடுமுறை நாளில் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை, மணிக்கொரு முறை பால்கனியை மொபைலில் படம் எடுங்கள். எந்த மூலையில் எவ்வளவு நேரம் வெயில் விழுகிறது என்பது ராத்திரிக்குள் தெரிந்துவிடும்.

இதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது. மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து போகும். சென்னையில் டிசம்பர் 21 வாக்கில், உச்சிப்பொழுதிலேயே சூரியன் தெற்கு வானில் சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். ஆகவே தெற்குப் பார்த்த பால்கனிக்குள் வெயில் சாய்வாக நுழைந்து உட்சுவர் வரை எட்டும். ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் மூன்றாவது வாரம் வரை இதே நகரில் உச்சிச் சூரியன் தலைக்கு மேலோ, வடக்கே சற்றுச் சாய்ந்தோ போவதால், மேல்மாடித் தளம் மறைத்து அந்தப் பால்கனியில் நிழல் விழும். பெட்டூனியாவுக்கு வெயில் தேவைப்படும் மாதங்களில் வெயிலைத் தரும் தெற்குப் பால்கனிதான் இந்தச் செடிக்கு முதல் இடம்.

கிழக்குப் பால்கனியும் நல்லதே; காலை வெயில் அதற்கு மிகவும் பிடிக்கும். மேற்கில் மாசி பிறந்ததும் மாலை வெயில் சுடும். பச்சை நிழல்வலை கட்டத் தயாராக இருங்கள். வடக்குப் பார்த்த பால்கனியில் இந்த மாதங்களில் நேரடி வெயில் வராது. அங்கே பெட்டூனியாவை வைத்து வருந்துவதைவிட, நிழலில் செழிக்கும் வேறு செடியை வைக்கலாம்.

உயரமான மாடிகளில் வெயிலைவிடக் காற்றே பெரிய சவால். கடற்காற்று வீசும் பத்தாவது மாடியில் தொட்டி அரைநாளில் காய்ந்துவிடும். கைப்பிடிக் கம்பியில் தொட்டி மாட்டுவதானால் உட்பக்கமாகவே மாட்டுங்கள். நனைந்த தொட்டியின் எடை, கீழே நடப்பவர் தலை, கீழ்வீட்டில் காயும் துணி மூன்றையும் யோசிக்க வேண்டும்.

கடுகைவிடப் பொடி

நாற்று வாங்குவதா, விதை போடுவதா? முதல் முறை வளர்ப்பவர் டிசம்பர் முதல் வாரத்தில் நல்ல நாற்று வாங்கினால் போதும். வாங்கும்போது பூவைப் பார்க்காதீர்கள், அடியைப் பாருங்கள். நெருக்கமான கிளைகள், கரும்பச்சை இலைகள், நிறைய மொட்டு, ஓரிரு பூ: இப்படி இருப்பதே நல்ல நாற்று. உடம்பு முழுக்கப் பூத்து நிற்கும் செடி, சின்னத் தொட்டியில் வேர் சுருண்டு ஏற்கெனவே வயதானதாக இருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் நான்கைந்து நாள் காலை வெயில் மட்டும் காட்டி, பிறகு முழு வெயிலுக்கு நகர்த்துங்கள்.

விதையிலிருந்து வளர்ப்பதில் இருக்கும் இன்பம் வேறு. ஒரு கிராமில் சுமார் 10,000 விதைகள் இருக்கும் அளவுக்குப் பொடி. விரலில் ஒட்டிக்கொண்டால் பழுப்பு மாவுபோலத்தான் தெரியும். மேல்பூச்சு போட்ட விதை கிடைத்தால் கையாள எளிது. புரட்டாசி நடுவில் தொடங்குங்கள். ஈரமான கோகோபீட் நிரப்பிய குழித்தட்டில் குழிக்கு ஒன்றிரண்டு விதையை மேலாக வையுங்கள், மூடாதீர்கள். முளைப்பதற்கு இந்த விதைக்கு வெளிச்சம் வேண்டும். தெரியாமல் மண்ணைத் தூவி மூடுவதால்தான் பல பேருக்கு ஒன்றுகூட முளைப்பதில்லை.

தட்டின் மேல் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, வெளிச்சமான நிழலில் வைத்தால் 7 முதல் 10 நாளில் பச்சைப் புள்ளிகள் தெரியும். உடனே தாளை எடுத்துவிட வேண்டும். புழுக்கத்தில் நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்துவிடும். தண்ணீரை மேலே ஊற்றாமல், தட்டை ஆழமில்லாத நீரில் சிறிது நேரம் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். ஐந்து, ஆறு வாரத்தில் தொட்டிக்கு மாற்றலாம். விதைத்த 10 முதல் 12 வாரத்தில் முதல் பூ. புரட்டாசியில் போட்ட விதை, மழை மாதங்களைக் கூரைக்கு அடியில் நாற்றாகக் கழித்துவிட்டு, மார்கழியில் பூவோடு வெளியே வரும். பட்டம் பார்த்து விதைப்பதன் பலன் அது.

கலப்பினச் செடியில் நீங்களே விதை எடுத்தால், தாய்ச்செடி மாதிரியே வராது. நிறமும் உயரமும் கலந்து கட்டி வரும். அதைப் பார்க்கும் ஆர்வம் இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

தொட்டிக்குள் என்ன?

எட்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு செடி. பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு மூன்று. அடியில் ஓட்டை கட்டாயம். வெறும் செம்மண் வேண்டாம். நாலு தண்ணீருக்கே இறுகி வேரை நெரிக்கும், எடையும் கூடும். கோகோபீட் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, பெர்லைட் அல்லது கழுவிய ஆற்று மணல் ஒரு பங்கு என்ற கலவை போதும். ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும், கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடியும் சேர்த்தால் வேரழுகல் குறையும்.

கோகோபீட்டை அப்படியே போடக்கூடாது. பொள்ளாச்சிப் பக்கத்து ஆலைகளிலிருந்து கட்டியாக வரும் தென்னை நார்க்கழிவில் உப்பு அதிகம் இருக்கலாம். ஊற வைத்து, பிழிந்து, தண்ணீர் வெளிறும் வரை இரண்டு மூன்று முறை அலசுங்கள். அரை மணி நேர வேலை, மூன்று மாதப் பூவைக் காப்பாற்றும்.

தண்ணீரில் இருக்கிறது சூட்சுமம்

தை மாதத்தில் ஒரு பெட்டூனியாவின் நுனி இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இலை மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக வலை பின்னியதுபோல் தெரிந்தால், அது இரும்புச்சத்துக் குறைபாடு. அடி இலை முழுதாக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவோ, நீர் தேங்குவதோ காரணமாகலாம். இளம் இலையில் தொடங்கும் மஞ்சள் வேறு சங்கதி.

கலவையில் இரும்பு இல்லாமல் இருக்காது. செடியால் அதை எடுக்க முடிவதில்லை. பெட்டூனியாவின் வேருக்கு, கார அமில அளவு 5.5 முதல் 6.2 வரை இருக்கும் மண் வேண்டும். 6.5-ஐத் தாண்டினால் இரும்பை உறிஞ்சத் திணறும். நம் நகரங்களின் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புத்தன்மை அதிகம். கெட்டிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதே தண்ணீரை நாள்தோறும் ஊற்றினால் தொட்டி மண் மெல்ல மெல்லக் காரமாகிறது. முதல் மாதம் ஜோராகப் பூத்த செடி இரண்டாவது மாதம் வெளிறிப்போவதற்குப் பல வீடுகளில் இதுவே காரணம். வெயில் என்றும் பூச்சி என்றும் நினைத்து, பழியை வேறு எங்கோ போடுகிறோம்.

இதற்கு இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைநீரைப் பிடித்து, கேன்களில் இறுக மூடி வையுங்கள். மழைநீரில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. குழாய்த் தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினாலே மார்கழியிலும் தையிலும் வித்தியாசம் தெரியும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரும் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவதுதான். அதிலும் உப்பு இல்லை, பூச்செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். ஊற்றவே கூடாத தண்ணீர் இரண்டு. ஒன்று, ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீர். வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறார்கள், ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் செறிந்திருக்கிறது. மற்றது, உப்பு போட்டு இயங்கும் சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீர்; அதில் சுண்ணாம்புக்குப் பதில் சோடியம் ஏறியிருக்கும். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குழாயில் வருவதே இதுதான் என்பதால், பராமரிப்பு ஊழியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

போர்வெல் நீரைத் தவிர வழியில்லை என்றால், லிட்டருக்கு ஒரு சிட்டிகை, அதாவது கால் கிராம், எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றலாம். இலை ஏற்கெனவே மஞ்சளாகியிருந்தால், செலேட்டட் இரும்பு உரத்தைப் பாக்கெட்டில் சொன்ன அளவில் கொடுங்கள். கிடைக்காவிட்டால் அன்னபேதி உப்பு லிட்டருக்கு ஒரு கிராம், கூடவே ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு. பூவிலும் டைல்ஸிலும் படாமல் மண்ணில் ஊற்றுங்கள், துருக்கறை போகாது. பத்து நாளில் புது இலை பச்சையாக வருவதைப் பார்க்கலாம்.

எவ்வளவு தண்ணீர்? விரலின் முதல் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியே வடியும்வரை ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள். உச்சி வெயிலில் வாடி, மாலையில் தானே நிமிரும் செடிக்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. மண் ஈரமாக இருந்தும் காலையிலேயே வாடி நின்றால் வேர் அழுகத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். தண்ணீரைக் காலையில், பூவில் படாமல், அடியில் ஊற்றுவதே முறை. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுகளில் நீர் நிற்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அந்தத் தட்டு நீரே போதும்.

கிள்ளக் கிள்ளப் பூக்கும்

நாற்று நான்கைந்து அங்குலம் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். மனசு வராது; ஆனாலும் கிள்ளுங்கள். ஒரு நுனி போன இடத்தில் மூன்று, நான்கு பக்கக் கிளைகள் வரும். பூவின் எண்ணிக்கை அன்றே தீர்மானமாகிறது.

பூக்கத் தொடங்கிய பிறகு தினமும் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். வாடிய பூவைப் பிடித்து இழுத்தால் இதழ்க்குழல் மட்டும் சுலபமாக உருவி வந்துவிடும். வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. பச்சைப் புல்லிவட்டத்துக்குள் சிறு கூம்பாக உட்கார்ந்திருக்கிறதே சூலகம், அது அங்கேயே இருந்து காயாகி விதை கட்டும். விதை கட்டத் தொடங்கிய செடிக்குப் பூப்பதில் அக்கறை குறைந்துவிடும். ஆகவே புல்லிக்குக் கீழே, காம்போடு சேர்த்துக் கிள்ளுங்கள். நாலு பூ கிள்ளியதும் விரலெல்லாம் பிசுபிசுக்கும். இலையிலும் தண்டிலும் இருக்கும் நுண்ணிய சுரப்பி முடிகளின் பசை அது. சின்னஞ்சிறு பூச்சிகள் அதில் ஒட்டி மாட்டிக்கொள்வதையும் பார்க்கலாம். செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. சோப்பு போட்டால் கையிலிருந்து போய்விடும்.

தை நடுவில் கிளைகள் நீண்டு, நடுப்பகுதி மொட்டையாகத் தெரியும். தயங்காமல் மூன்றில் ஒரு பங்கு உயரத்தைக் கவாத்து செய்யுங்கள். எல்லாக் கிளைகளையும் ஒரே நாளில் வெட்ட மனமில்லை என்றால், வாரத்துக்கு இரண்டு மூன்று கிளை என்று வெட்டலாம்; பூவும் நிற்காது. வெட்டிய நுனிகளில் பூவும் மொட்டும் இல்லாத நான்கு அங்குலத் துண்டை ஈரக் கோகோபீட்டில் நட்டால் இரண்டு, மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும்.

இவ்வளவு பூக்கும் செடிக்குப் பசியும் அதிகம். நீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் வாரம் ஒருமுறை கொடுக்கலாம். இயற்கை வழியை விரும்புபவர்கள், லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யாவை மண்ணில் ஊற்றலாம். நூறு கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊற வைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்தும் ஊற்றலாம். பக்கத்து வீட்டுக்கு வாசனை போகாமல் மூடி வைத்து ஊற வையுங்கள். தழைச்சத்தை மட்டும் அள்ளிக் கொடுத்தால் இலைதான் கிடைக்கும்.

சொந்தக்காரர்களின் நோய்கள்

தக்காளி, கத்தரியின் குடும்பம் என்றோமே, அந்தக் குடும்பத்து நோயும் பூச்சியும் இதற்கும் வரும். அசுவினி, வெள்ளை ஈ, இலைப்பேன் மூன்றும் சகஜம். லிட்டருக்கு மூன்று முதல் ஐந்து மில்லி வேப்பெண்ணெயை, சில சொட்டு சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளியுங்கள்; இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். இதழில் ஓட்டையும் இலையில் கரும்பச்சை எச்சமும் தெரிந்தால், தக்காளியைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவாக இருக்கலாம். இருட்டிய பிறகு டார்ச் அடித்துத் தேடி, கையால் எடுத்துவிடுவதே பால்கனிக்குப் போதுமான மருந்து.

புகையிலைத் தேமல் வைரஸ் பெட்டூனியாவையும் தாக்கும். புகைபிடிப்பவர்கள், புகையிலை போடுபவர்கள் கை கழுவிவிட்டுச் செடியைத் தொட வேண்டும். தேமல் கண்ட செடிக்கு மருந்தில்லை, பிடுங்கிவிடுங்கள். மாடியில் தக்காளி வளர்ப்பவர்கள் இரண்டையும் தள்ளித் தள்ளி வைப்பது நல்லது. வீட்டில் நாய், பூனை இருப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. பெட்டூனியா அவற்றுக்கு நஞ்சல்ல.

நட்சத்திரப் பூ சொல்லும் செய்தி

ஊதாவில் வெள்ளை நட்சத்திரம் போட்ட பெட்டூனியாவை வாங்கியவர்கள், ‘அடுத்த பூவில் வெள்ளையைக் காணோமே, ஏமாற்றிவிட்டார்களோ’ என்று நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போவதுண்டு. அவர்மேல் தப்பில்லை. அந்த வெள்ளைப் பகுதியில் நிறமி உண்டாக்கும் மரபணு இருக்கிறது. செடியே அதை வாய்மூட வைத்திருக்கிறது. வெப்பநிலை மாறும்போது அந்த அடக்குதல் கூடும், குறையும். வெள்ளையின் அகலமும் மாறும்.

இந்தச் செடி வழியாகத்தான் அறிவியல் ஒரு பெரிய கதவைத் தட்டியது. 1990-இல் கரோலின் நபோலி, ரிச்சர்ட் ஜோர்கென்சன் குழுவினர், பெட்டூனியாவின் ஊதாவை இன்னும் அடர்த்தியாக்க, நிறமி மரபணுவின் கூடுதல் பிரதியை அதற்குள் செலுத்தினார்கள். நிறம் கூடும் என்று பார்த்தால், பல பூக்கள் வெள்ளையாகப் பூத்தன. புதிதாக வந்த மரபணு, இருந்ததையும் சேர்த்து அடக்கிவிட்டது. ஏன் என்ற கேள்வி ஆய்வகங்களில் சுற்றிக்கொண்டே இருந்தது. இதன் அடிப்படையான ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை 1998-இல் ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ இருவரும் ஒரு நுண்புழுவில் விளக்கினார்கள். 2006-இல் மருத்துவ நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அதே வழியில் இயங்கும் முதல் மருந்து, நரம்புகளைப் பாதிக்கும் ஓர் அரிய பரம்பரை நோய்க்காக 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உங்கள் பால்கனியில் நட்சத்திரம் போட்ட பூ விரியும்போது வீட்டுப் பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள். பாடப்புத்தகத்துக்கு வெளியே மரபணுவைக் கண்ணால் காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது.

மாதம் மாதமாக ஒரு பார்வை (சமவெளிக்கு)

புரட்டாசி: விதைப்பு, வெயிலை அளந்து இடம் தேர்வு.

ஐப்பசி: நாற்றைக் கூரைக்கு அடியில் பாதுகாத்தல், மழைநீர் சேமிப்பு, கோகோபீட் அலசுதல்.

கார்த்திகை: தொட்டிக்கு மாற்றுதல், நுனி கிள்ளுதல். நாற்று வாங்குபவர்கள் மாதக் கடைசியில் வாங்கலாம்.

மார்கழி: முழு வெயில், வாரம் ஒரு முறை உரம், வாடிய பூ கிள்ளுதல்.

தை: கவாத்து, நுனி இலை மஞ்சளாகிறதா என்று பார்த்தல்.

மாசி: மதிய வெயிலில் நிழல்வலை, தேவைப்பட்டால் இரு வேளைத் தண்ணீர்.

பங்குனி: விடைகொடுத்தல்.

பங்குனியில் பிடுங்கத் தயங்காதீர்கள்

பங்குனி நடுவில் செடி சோர்ந்து நிற்கும்போது, எப்படியாவது காப்பாற்ற வேண்டும் என்று கூடுதல் தண்ணீரும் உரமும் கொடுப்பார்கள். அதனால் செடிக்கும் நன்மையில்லை, நமக்கும் நிம்மதியில்லை. நெல்லோ உளுந்தோ அறுவடையானதும் வயலைப் பார்த்து யாரும் கலங்குவதில்லை; அடுத்த பட்டத்துக்கு மண்ணைத் தயார் செய்கிறார்கள். பெட்டூனியாவைப் பிடுங்கி, நோய் இல்லாத செடியாக இருந்தால் உரக்குழியில் சேர்த்துவிடுங்கள். தொட்டிக் கலவையை ஒரு வாரம் வெயிலில் காய வைத்து, கொஞ்சம் மண்புழு உரம் சேர்த்து, நித்தியகல்யாணியையோ பத்துமணிப் பூவையோ நடுங்கள். பெட்டூனியா பயந்து ஓடும் வெயிலில் அவை இரண்டும் சிரிக்கும். தெற்குப் பால்கனி நிழலாகிவிட்டால், வெயில் விழும் இடத்துக்குத் தொட்டியை நகர்த்திக்கொள்ளுங்கள்.

ஒரு பருவம் பெட்டூனியா வளர்த்தவருக்குப் பூவோடு இன்னும் சில கிடைத்திருக்கும். தன் வீட்டில் எந்த மாதம் எந்த மூலையில் வெயில் விழுகிறது, குழாயில் வரும் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது, எப்போது விதைத்தால் எப்போது பூக்கும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்திருக்கும். நிலத்தோடு இருந்தவரை நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்திருந்த அறிவு அது. ஐந்தாவது மாடிக்குக் குடிபோனதால் அதை இழந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. எட்டு அங்குலத் தொட்டி ஒன்று இருந்தால் மீட்டுவிடலாம். காலண்டரில் புரட்டாசி மாதத் தாளை இப்போதே மடித்து வையுங்கள். விதைப் பாக்கெட்டை அதற்கு முந்தைய ஆவணியிலேயே வாங்கிவிடுங்கள்.